சுண்ணாம்புக் கோடு

அவள் மண்டியிட்டுக் கல்லைத் தடவினாள்.

கோடு இல்லை.

இந்த இடம்தான். மண்டியிட்டால் மகளின் முகமும் தன் முகமும் நேருக்கு நேர் வரும் உயரம். கண்ணை மூடிக்கொண்டாலும் கை தவறாது.

காலையில் படகு விட்டு இறங்கியதிலிருந்து வேறெதிலும் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. ஓட்டோக்கார அருளப்பு தீவைச் சுற்றிக் காட்டினார். கோட்டை. கோட்டை என்று சொல்ல இரண்டு சுவர்தான் மிச்சம். பவளக்கல் அடுக்கிய வேலிகள். வெயில் கானலில் கால் தெரியாமல் மிதந்துகொண்டு நின்ற குதிரைகள்.

சில வருடங்களுக்கு முன் மகளோடு வந்தபோது அந்தக் குதிரைகளைப் போர்த்துக்கேயர் விட்டுப்போனார்கள் என்று சொன்னார். இன்றைக்கு ஒல்லாந்தர். சரித்திரத்தை ஆளுக்குத் தக்கபடி கூட்டிக் குறைப்பதில் அருளப்புவுக்கு வஞ்சகம் இல்லை.

எல்லாம் நித்திரையில் பார்ப்பதுபோல் கடந்துபோயின.

கல் எப்போதும் கடைசியில்தான்.

அது வளர்கிறது என்று தீவில் சத்தியம் பண்ணுவார்கள். வருகிறவர்களை அதில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு நேரே சுண்ணாம்புக் கோடு போட்டு, பெயரும் எழுதவைப்பார் அருளப்பு. அடுத்த முறை வந்து பாருங்கோ, கல்லோடு சேர்ந்து கோடும் ஏறியிருக்கும் என்பார்.

அன்று மகள் கள்ளமாகக் குதிக்காலை உயர்த்தினாள். அவர் அவளுடைய தோளை மெல்ல அமுக்கினார்.

"அளாப்பக் கூடாது, பிள்ளை."

அந்த மாரியிலேயே காய்ச்சல் வந்து மகள் போய்விட்டாள்.

வீட்டுச் சுவரில் கோடு போடும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. சட்டைகளை யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. மகள் எவ்வளவு உயரம் என்று காட்ட இந்த ஒரு கோடுதான் இருந்தது.

விரல் நுனியில் ஏதோ சொரசொரத்தது. கத்தியால் சுரண்டிய இடம்.

அவள் மேலே பார்த்தாள்.

கோடு அங்கே இருந்தது. புதுச் சுண்ணாம்பு. பக்கத்தில் சங்கவி என்ற பெயர், மகள் எழுதிய அதே கோணலில்.

அளாப்பியது யாரென்று விளங்கிவிட்டது. ஒவ்வொரு மாரி முடிந்ததும் மனுசன் பழைய சுண்ணாம்புக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் மேலே புதிதாகப் போட்டிருக்கிறார். கல் வளரவேண்டுமே.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. இருந்த ஒன்றையும் அழித்துவிட்டார். நாலு வார்த்தை கேட்கத்தான் எழுந்தாள்.

எழுந்தபோது கோடு அவளுடைய தோளுக்கு வந்தது.

அப்படியே நின்றுவிட்டாள்.

மகளோடு ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகளைக் கோயிலில் பார்க்கிறாள். எல்லோரும் இப்போது தாய்மாரின் தோளுக்கு வந்துவிட்டார்கள்.

தூரத்தில் குதிரைகள் அசைந்தன. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அருளப்பு பெருமையோடு கிட்ட வந்தார்.

"பாத்தீங்களோ தங்கச்சி, கல்லு எவ்வளவு வளந்திட்டுதெண்டு. மகளை ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை? பிள்ளையும் வளந்திருக்கும் தானே."

கடைசிப் படகு ஊதியது.

அவள் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒருமுறை தடவினாள். தலைமயிரை ஒதுக்கிவிடுவதுபோல.

"ஓம் அண்ணை. இந்த உயரம்தான் இருப்பாள்."

கையை எடுத்தாள். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"சுரண்டின இடத்தையும் பாத்தனான்" என்றாள்.

பிடிபட்டுப்போன அருளப்பு அசடு வழியச் சிரித்தார். ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

அவள் விடவில்லை.

"வாற மாரிக்கும் மறந்திடாதையுங்கோ. என்னைவிட உயந்தாலும் நிப்பாட்டாதையுங்கோ."