காலை வணக்க ரோஜா

போர் நடக்கும் ஊரிலிருந்து பூட்டிய கோப்பு ஒன்றும், ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதிய ரோஜாப் படம் ஒன்றும் பூரணியின் போனுக்குக் கிளம்பின. கிளம்புமுன் யாரோ ரோஜாப் படத்தின் சில புள்ளிகளை மட்டும், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி லேசாக மங்கவைத்திருந்தார்கள்.

“உன்னை யாரு சீந்துவா? என்னை எவனாலயும் திறக்க முடியாது,” என்றது கோப்பு.

வழியில் செய்திகளைச் சோதிக்கும் காவல்காரன் பூட்டைப் பார்த்ததும் கோப்பைப் பிடித்து வைத்துக்கொண்டான். ரோஜாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. விடிந்ததிலிருந்து அவனுக்கே எத்தனையோ ரோஜாக்கள் வந்துவிட்டன.

முன்பே பேசிவைத்திருந்த ரகசியச் சொல்லைப் பூரணி போனில் தந்ததும், மங்கிய புள்ளிகளெல்லாம் சேர்ந்து எழுத்தாகின: “அண்ணன் உயிரோடதான் இருக்கேன். அழாதே.”

அவள் போனை நெஞ்சோடு அணைத்து அழுதாள்.

இதழோரத்துச் சிவப்புப் புள்ளி திகைத்துப்போய்ப் பக்கத்துப் புள்ளியைக் கேட்டது: “நான் லேசா மங்கினேன், அவ்வளவுதானே?”

“நானும் அவ்வளவுதான்,” என்றது அது.