மீன் வாடைக்குக் கழிவு

ஆட்டோ குளக்கரைக்கு இறங்கும்போதே தலைவர் நல்லையா தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். "நாத்தம் கொடலப் பொரட்டுது" என்றார்.

இராக்கம்மாவுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. கரையில் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மீன்பிடிப் படகு ஒன்றை, அவர்கள் விலை பேச வந்த போட்டை, கழுவுவதுதான் தெரிந்தது.

போட்டு கோயிலுக்கு. ஒவ்வொரு வருடமும் தேர் முடிந்த மறுநாள், தேயிலைத் தோட்டத்துக் குளத்தில் அம்மனைப் போட்டில் ஏற்றித் தெப்பம் விடுவது வழக்கம். பழைய போட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதாக ஒருநாள் நல்லையா வந்து சொன்னார். அதிலிருந்து இரண்டு திருவிழா தெப்பமில்லாமலே கழிந்துவிட்டது.

இந்த வருடமாவது விட்டே தீரவேண்டும் என்று, கோயில் கமிட்டிப் பொருளாளர் இராக்கம்மா தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் சம்பளத்தில் கிள்ளிக் கொடுத்த காசு இப்போது அவள் மடியில் இருந்தது. லுணுகலையிலிருந்து மலையிறங்கி, பிபிலைப் பக்கத்தில் ஒரு போட்டு விலைக்கு இருக்கிறது என்று விசாரித்து அறிந்ததும் அவள்தான். தலைவர் என்ற மரியாதைக்கு நல்லையாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

போட்டுக்காரர் ஷுக்ரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க, நல்லாப் பாருங்க. புதுசா பெயின்ட் அடிச்சிருக்கேன். ரெண்டு லட்சம் சொல்றேன். பேசிக் கொறச்சுக்கலாம்."

இராக்கம்மா பல இடத்தில் விலை கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். ஒன்று எழுபது என்றால் இரு பக்கத்துக்கும் நியாயம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நல்லையா முந்திக்கொண்டார்.

"அம்பதாயிரம்." துண்டுக்குள்ளிருந்து குரல் கரகரத்து வந்தது. ஆளும் போட்டுக்குக் கிட்டே வராமல் தள்ளியே நின்றார்.

ஷுக்ரி சிரித்துவிட்டார். "அம்பதுக்குத் துடுப்பத்தான் தரலாம் ஐயா."

"மீன் நாறுது. இதுல நாங்க அம்மன ஏத்தணும். இதச் சுத்தம் பண்ண மஞ்சத்தண்ணி, ஹோமம், ஐயருக்குத் தட்சணை எல்லாம் யாரு குடுக்கிறது? அதையெல்லாம் கழிச்சுத்தான் சொல்றேன்."

"அம்மனா?" ஷுக்ரி ஏதோ சொல்ல வந்தார். நல்லையா விட்டால்தானே. "மீன் ஏத்துன போட்ட எந்தக் கோயில்ல வாங்குவான்? போனாப் போகுதுன்னு கேக்குறோம். சரிப்படாட்டி விடுங்க" என்று பொரிந்து தள்ளினார்.

இராக்கம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பேரம் பேசுவது வேறு, ஒரு மனிதரின் பிழைப்பை அவர் எதிரிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு கேவலப்படுத்துவது வேறு. கருவாடு இல்லாமல் இந்தத் தலைவருக்குச் சோறு இறங்காது என்பது தோட்டத்துக்கே தெரிந்த சங்கதி. இங்கே வந்து என்ன ஆசாரம் வேண்டிக் கிடக்கிறது?

ஷுக்ரியின் மனைவி லரீபா பிளேன்டீயும் கருப்பட்டியும் கொண்டுவந்தாள். இராக்கம்மா வாங்கிக்கொண்டாள். நல்லையா கையைக்கூட நீட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம். எனக்கு ஒத்துக்காது."

லரீபாவின் முகம் சுருங்கிப் போயிற்று. கோப்பையைப் போட்டின் விளிம்பில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். சீ, இந்த மனுசனையா தலைவர் என்று முன்னால் நிறுத்தினோம் என்று இராக்கம்மாவுக்கு வெறுத்துப் போனது. வாயிலிருந்த டீகூடக் கசந்தது.

அவள் நேரே ஷுக்ரியைப் பார்த்துச் சொன்னாள். "ஒன்னு எழுவது குடுக்கிறோங்க. சம்மதமா?"

"சம்மதந்தான் தங்கச்சி" என்றார் ஷுக்ரி.

"அவ கெடக்கா" என்று நல்லையா பாய்ந்தார். "ஓட்டப் போட்டுக்கு ஒன்னு எழுவதா? குந்துற பலகைக்கு அடியில நாலு மூலையிலயும் ஓட்ட. கம்பி நட்ட ஓட்ட. அதுக்கு மேல பூசி மறச்சிருக்கு. வா ராக்கம்மா, வேற எடம் பாப்போம்."

ஷுக்ரி குனிந்து பலகையைத் தூக்கினார். நாலு மூலையிலும் அடைத்துப் பூசிய ஓட்டைகள் இருந்தன.

"இருக்குதான். கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன். ஒழுகாது." அவர் நிமிர்ந்து நல்லையாவை உற்றுப் பார்த்தார். "ஆனா நான் இப்பதானே பலகையத் தூக்குறேன்?"

நல்லையா ஆட்டோவை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

இராக்கம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஓட்டை அவள் மனதில் ஏறவேயில்லை. விளிம்பில் ஆறிக்கொண்டிருந்த கோப்பைதான் கண்ணை உறுத்தியது. ஓடிப்போய் அவர் வழியை மறித்தாள்.

"வெலை படியாட்டிப் போகுது. ஊத்தி வச்ச டீயக் குடிச்சிட்டு வாங்க தலைவரே. அவங்களும் மனுசங்கதான்."

"வழிய விடு."

"விட மாட்டேன். மொதல்ல இந்தக் கருமத்த அவுருங்க" என்று துண்டைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து, துண்டு அவள் கையோடு வந்துவிட்டது.

பின்னாலேயே வந்த ஷுக்ரி அந்த முகத்தைப் பார்த்தார். பழகிய ஆளைக் கண்ட சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, நீங்களா? சாமிப் பந்தலுக்குக் கம்பி நட்ட இதே ஓட்டையக் காட்டி, சாமி ஏறுன ராசியான போட்டுன்னு சொல்லித்தானே அன்னைக்கு எனக்கு வித்தீங்க?"