வாய் திறக்காத முதல் வரிசை

அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கம். முதல் வரிசையில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் மூன்று பேர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இருப்பவள் டெல்ஃபின். பனியில் நாள் முழுக்க வண்டியோட்டி வந்தது மெரிட் ஹாக்கெட் என்ற பள்ளிப் பெண்ணைத் தன் கல்லூரி அணிக்கு எடுக்கலாமா என்று அவள் ஆட்டத்தைப் பார்க்கத்தான். பார்க்கலாம், அவ்வளவுதான் விதி. ஆட்டம் முடிந்து அணி கலையும்வரை அவளிடம் பேசக்கூடாது. பேசியதாகப் புகார் போனால் இந்தப் பெண்ணை மறந்துவிட வேண்டியதுதான். மஞ்சள் விளக்கில் மரத்தரை தேனாக மின்னுகிறது, காலணிகள் கிறீச்சிடுகின்றன. வெளியே ஓடும் பந்தை மெரிட் பாய்ந்து உள்ளே தட்டிவிட்டு, நேராக டெல்ஃபினின் மடியில் வந்து விழுகிறாள். சோளப்பொரி தரையெங்கும் சிதறுகிறது. "அய்யய்யோ, அடிபட்டுடுச்சா மேடம்?" டெல்ஃபின் வாயைத் திறக்கிறாள். பக்கத்தில் இருக்கும் போட்டிக் கல்லூரிக்காரர் பாஸ்கோ கிசுகிசுக்கிறார்: "ஒரு வார்த்தை பேசிப் பாருங்க, நானே போட்டுக் கொடுத்துடுவேன்." இருபது வருஷமாக அரங்கம் அதிரக் கத்திய வாயை டெல்ஃபின் மூடிக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுகிறாள். மெரிட் சிரித்துவிடுகிறாள். "தெரியும் மேடம், பேச வேணாம்." நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துகிறார். கைதட்டல் கூரையைப் பிய்க்கிறது. மெரிட்டோ அதைக் காதிலேயே வாங்காமல் மண்டிபோட்டுப் பொரியைப் பொறுக்குகிறாள். எதிரணிப் பெண்ணைப் பார்த்து, "ஏய், இந்தப் பக்கம் வராதடி, வழுக்கும்!" என்கிறாள். டெல்ஃபின் எழுந்துபோய் அவள் பக்கத்தில் மண்டிபோடுகிறாள். அடுத்த நொடி பாஸ்கோவும், அவர் பின்னால் மூன்றாமவரும். மூன்று பெரிய கல்லூரிகள், ஒரு சொல் பேசாமல், பொரி பொறுக்குகின்றன.