வேலை செய்யாத பாரம்

பெற்றோல் தட்டுப்பாட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடந்த அல்பேட்டின் கல்லடிக் கராஜில் அன்று விடிந்ததிலிருந்து ஒரே சுத்தியல் சத்தம். மறுநாள் பந்தயம்.

“இன்னும் தாழ இறக்குங்க அண்ணன். வளைவில சாஞ்சிரும்,” என்றாள் பந்தயத்தில் ஓட்டப்போகும் சீதேவி.

“இறக்கியாச்சு புள்ள. பின் சில்லு ரெண்டையும் அகட்டியும் விட்டிரிக்கன். புரட்டினாலும் இனிப் புரளாது.”

“மட்காட் என்னத்துக்கு? அதையும் கழட்டுங்க.”

“அதுதானே. பந்தயக் கார் கட்டுறாக்கள்ற முதல் சட்டமே அதுதான். வேலை செய்யாத சாமானுக்கு வண்டியில இடமில்ல.” அல்பேட் மட்காட்டைக் கழற்றி மூலையில் எறிந்தான். “எஞ்சின் எப்படி?”

“அத நான் பாத்துக்கிறன். ரெண்டு மாசமாப் பழக்கி வச்சிரிக்கன்.”

வண்டியைத் தூக்கிப் பார்த்த அல்பேட்டின் முகம் வாடியது.

“நாளைக்கு உன்னோட போட்டிக்கு ஓடுற செங்கலடி வினாயகமூர்த்திர வண்டி இதவிட இலேசாம், புள்ள. இனிக் கழட்டவும் ஒண்டும் இல்லையே.”

“முதல்ல என்னை ஏத்துங்க.”

அல்பேட் வாங்குப் பலகையில் இருந்தவளைத் தூக்கி, இரண்டு சைக்கிள் சில்லுகளுக்கு நடுவே இருந்த கதிரையில் இருத்தினான். சீதேவி இரு கைகளாலும் சில்லுகளைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினாள். சக்கர நாற்காலி வாசல்வரை பாய்ந்தது.

அங்கிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“வினாயகமூர்த்தி அண்ணனுக்கு இன்னும் ஒரு கால் இரிக்கு. எனக்கு ரெண்டையும் மிதிவெடி வயல் வட்டைக்குள்ளயே கழட்டிப் போட்டுது. அப்ப ஆர்ர வண்டி இலேசு?”