கிழவியின் கையெழுத்து

மாத்தளையில், மிளகு காயும் முற்றத்தில், சிவரூபினி கைபேசியை வெயில் படாமல் பிடித்திருக்கிறாள். ஆறு வருடம் இஸ்ரேலில் அவள் பராமரித்த கிழவி இறந்துவிட்டாள். அங்கிருந்து கிழவியின் மகள், அம்மா எழுதிவைத்த தாள்களைத் திரையில் காட்டுகிறாள். ஆங்கிலப் பதிப்பகம் 'மெனுஸ்கிரிப்ட்', புத்தகத்தின் மூலப்பிரதி, கேட்கிறதாம், டைப் அடித்து. எபிரேயத்தில் அதை 'க்தவ் யாத்', கையெழுத்து, என்கிறார்கள். அந்த நடுங்கும் கையெழுத்து மகளுக்கே விளங்கவில்லை. "நீதானே அம்மாவின் துண்டுச்சீட்டைப் பார்த்துச் சாமான் வாங்குவாய்?" என்கிறாள் மகள். "வாசிச்சுச் சொல்லேன் புள்ள," என்கிறான் கணவன் மோகனராஜ். "பால், பாண், மருந்து... படம் மாதிரி பாத்து வச்சிருந்தேங்க. எழுத்து தெரியாது," என்கிறாள் சிவரூபினி. கடைசித் தாளில் ஒரு வடிவம் மட்டும் ஐந்து இடத்தில் தெரிகிறது: அவளுடைய தேநீர்க் கோப்பையில் கிழவி எழுதி ஒட்டியிருந்த அவள் பெயர். அதைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மகள் அவளைத்தான் கேட்கிறாள்.