மிஷின் ஓடும்வரை

மிஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் பெரியவன் வாயைத் திறந்தான்.

அந்த வீட்டில் காலங்காலமாக அப்படித்தான். அம்மா தையல்காரி. உள்ளறையில் அவள் மிதிக்கத் தொடங்கிவிட்டால், இடியே விழுந்தாலும் காதில் ஏறாது. பிள்ளைகள் இதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தங்கையின் காதல், பெரியவனுக்கு வேலை போனது, எல்லாமே அந்தக் கடகடப்புக்கு நடுவில்தான் பேசி முடிக்கப்பட்டது.

இன்றைக்கு அம்மாவைப் பற்றியே பேச்சு.

இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள், இல்லையென்றால் ஒரு வருஷம் தாண்டுவதே கஷ்டம் என்று டாக்டர் பெரியவனிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அம்மாவிடம் வெறும் வாயுத்தொல்லை என்று சொல்லி வைத்திருந்தார்கள். ரொம்ப சாமர்த்தியம்!

அப்பாவும் இப்படித்தான் ஆபரேஷனுக்கு நடந்தே போனார். திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பயம் பெரியவனை இன்னும் விடவில்லை.

இந்த வயதில் நெஞ்சைப் பிளப்பானேன், இருக்கிறவரைக்கும் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் மாமா, அம்மாவின் அண்ணன். போன வருஷம்தான் அடம்பிடித்துத் தன் முழங்காலை மாற்றிக்கொண்ட மனுஷன்!

தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டே தலையாட்டினாள். அவள் மகள்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"பாட்டிகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்று மாமா அவள் வாயை அடைத்தார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவாயிற்று. பெரியவனுக்கு அழுகை வந்தது. அப்பாடா என்றும் இருந்தது. அப்படி இருந்ததே என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

மிஷின் நின்றது. சட்டென்று எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

அம்மா பல்லால் நூலைக் கடித்தபடி வெளியே வந்தாள். கையில் தொளதொளவென்று ஒரு புது நைட்டி. யாரோ கொடுத்த ஆர்டர் என்றுதான் நினைத்தார்கள். அவளோ அதைத் தன்மேல் வைத்து அளவு பார்த்தாள்.

கழுத்திலிருந்து கீழ்வரை முன்பக்கம் திறப்பு. பட்டனோ கொக்கியோ கிடையாது, ஒட்டுகிற பட்டை. நெஞ்சில் கட்டுப் போட்டிருந்தாலும் கையைத் தூக்காமலே மாட்டிக்கொள்ளலாம்.

"டாக்டர்கிட்ட நானே போய் சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். திங்கக்கிழமை ஆபரேஷன். கூட யார் வர்றதுன்னு மட்டும் பேசி முடிவு பண்ணுங்க."

பேத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உள்ளே திரும்பிய அம்மா கதவருகில் நின்றாள்.

"பேசுங்க. நான் வேணா மிஷினை ஓட்டுறேன்."