குலசேகரம் மாஸ்டரின் பன்னிரண்டு கதிரை

"இதில சேறு எது, எங்கட பிள்ளை எதெண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்று ஸ்ரீதரன் கைபேசியை நீட்டினார்.

படத்தில் ஓவியா முழங்கால் வரை குளத்துச் சேற்றில் நின்று, ஒரு மீனைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. லண்டனில், பார்க்கிங் என்கிற ஊர்த் தெருவில் மழைத்தண்ணீரை மிதித்தாலே சப்பாத்து பழுதாகிப்போகும் என்று தாய் கஜந்தினியிடம் ஏச்சு வாங்குகிற பிள்ளை.

விருந்துக்கு வந்திருந்த முருகேசனும் கிரிஜாவும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், இரண்டு தெரு தள்ளி வீடு. அவர்கள் மகன் அஷ்வினும் ஓவியாவும் பள்ளியில் ஒரே வகுப்பு.

"அங்க கிளாஸே கிடையாதா?" என்றாள் கிரிஜா.

"கற்றல் கூடல் எண்டு பேர். பல நாட்டுக் குடும்பங்கள் வங்காளக் கிராமத்தில பத்து நாள் மண் வீடுகளில தங்கும். மணி இல்லை, பாடம் இல்லை. ஆருக்கு என்ன தெரியுமோ அதை மற்ற ஆளுக்குக் காட்ட வேணும், அவ்வளவுதான். சுடுமணலில பொரி பொரிக்கிறது எப்பிடியெண்டு அந்த வீட்டு சபிதா அக்கா ஓவியாவுக்குக் காட்டினவ."

"நீங்க என்ன காட்டினீங்க?" முருகேசன் கேட்டார்.

ஸ்ரீதரன் தேநீரை ஒரு மிடறு குடித்தார். கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்கிற அவரிடம் அந்தக் கிராமத்தில் ஒரு குருவிகூடக் கற்றுக்கொள்ள வரவில்லை. "நான் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தனான்" என்றார்.

அவர் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. அந்தப் பத்து நாளுக்குள் இரண்டு சனிக்கிழமைகள் வந்துவிட்டன. குலசேகரம் மாஸ்டரின் டியூஷன் சனிக்கிழமைதான்.

மாஸ்டர் வீட்டு முன்னறையில் பிள்ளைகள் உட்காரப் பன்னிரண்டே கதிரை. கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கிற கிராமர் ஸ்கூல் பரீட்சைக்கு வேறு எவரிடம் அனுப்பினாலும் அது பிள்ளையைக் கிணற்றில் தள்ளுகிற வேலை என்பது ஊர்ச்சனத்தின் முடிவு. தொடர்ந்து இரண்டு சனி வராத பிள்ளையின் கதிரை, காத்திருப்போர் பட்டியலில் முதலாவது ஆளுக்குப் போய்விடும். அதில் மாஸ்டர் ஈவிரக்கம் பார்க்க மாட்டார். தானே இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. சொந்தத் தங்கையின் கலியாணத்துக்குக்கூடப் போகவில்லை.

ஓவியாவின் கதிரையில் இப்போது அஷ்வின் இருந்தான். பட்டியலில் முதல் பெயர் ஓவியா. பரீட்சைக்கு ஏழு மாதம். கஜந்தினி ஒரு கிழமை அழுதாள். இன்றைக்கு விருந்தாளிகள் வருவதற்குமுன், பயிற்சிப் புத்தகங்களையெல்லாம் சோபாவுக்குப் பின்னால் தள்ளித் துவாயால் மூடினாள்.

"உங்க இடத்த நாங்க எடுத்துக்கிட்டோம்னு எனக்குச் சங்கடமாவே இருக்கு" என்றார் முருகேசன்.

"சீ, அதை விடுங்கோ. அந்தக் கதிரை போனதுதான் எங்களுக்கு நல்லகாலம். இப்ப பிள்ளை தானா வாசிக்கிறாள், தானாக் கேள்வி கேக்கிறாள். இனி அவளை ஒருத்தரும் பிடிக்கேலாது."

கடைசி வசனத்தில் முருகேசனின் முகம் மாறியது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது தன் பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்பது அவருடைய பயம். ஸ்ரீதரனுக்கும் அதே வியாதிதான். அதனால் எங்கே அமத்த வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஈஸ்டருக்கு இன்னொரு கூடல் இருக்கு. ஆனா டியூஷனையும் அதையும் ஒண்டா வைக்கேலாது. ரெண்டு மாசத்துக்கு முன்னமே, எண்டா இப்பவே, டியூஷனை விட்டிட வேணுமாம், பிள்ளையின்ர மண்டை ஆறுறதுக்கு."

அப்படி வங்காளத்தில் ஒருவரும் சொல்லவில்லை. கஜந்தினி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாடிப்படியில் இருந்த ஓவியாவோ எல்லாவற்றையும் நம்பினாள். "அப்பா, நாங்களும் திரும்பப் போவமே? சபிதா அக்கா வரச் சொன்னவ."

"பாப்பம் பிள்ளை, பாப்பம்" என்றார் ஸ்ரீதரன், அவளைப் பார்க்காமல்.

முருகேசனும் கிரிஜாவும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். பிறகு முருகேசன் எழுந்து நடைவழிக்குப் போய் மாஸ்டருக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடத்தில் முடிகிற கதை இருபது நிமிடம் போனது.

"அஷ்வின் இனிமே வர மாட்டான் சார்... சேச்சே, உங்க மேல ஒரு குறையும் இல்ல... டியூஷன ரெண்டு மாசம் முன்னாடியே விட்டுடணுமாம்... மணியே அடிக்க மாட்டாங்களாம் சார்... ஆமா, யார் வேணா வரலாம்... ஹவுராவுல எறங்கி போல்பூர் டிரெயின் சார். போல்பூர். எழுதிக்கிட்டீங்களா?"

"விசர் மனுசன், மாஸ்டரையும் போட்டு அறுக்கிறார்" என்று ஸ்ரீதரன் மனைவியின் காதுக்குள் சொல்லிச் சிரித்தார். இத்தனை கிழமைக்குப் பிறகு கஜந்தினியும் சிரித்தாள்.

விருந்தாளிகள் தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்று கை காட்டினார்கள். கதவைச் சாத்தியதுதான் தாமதம், கஜந்தினி துவாயை இழுத்து எறிந்தாள், ஸ்ரீதரன் மாஸ்டரின் நம்பரை அமத்தினார்.

"மாஸ்டர், பிள்ளையின்ர பழைய கதிரை இப்ப வெறுமையாத்தானே கிடக்கு? வாற சனி அனுப்பட்டே?"

அந்தப் பக்கத்திலிருந்து, இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்டிராத ஒரு குதூகலக் குரல் வந்தது.

"பன்னிரண்டு கதிரையும் வெறுமைதான் தம்பி, நானும் முருகேசனோட வங்காளத்துக்குப் போறன்."